பதிப்புரிமைப் புகார்: பார்த்தது ஆடியில், சொன்னது ஐப்பசியில்

முன்னீர்ப்பள்ளத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை ஆண்டுதோறும் பதிவு செய்து, மும்பைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போன ஊர்க்காரர்கள் பார்ப்பதற்காக ஒரு காணொளித் தளத்தில் ஏற்றி வருகிறேன். இதில் எனக்கு வருமானம் கிடையாது. ஊர்க்காரர்கள் கோயிலுக்குக் கொடுக்கும் வரிப் பணத்திலிருந்து கமிட்டிக்காரர்கள் கேமரா வாடகையை மட்டும் கொடுக்கிறார்கள். கடந்த ஆடிக் கொடையில் எடுத்த நீண்ட பதிவு ஒன்று ஐப்பசியில் முடக்கப்பட்டது. நள்ளிரவுச் சாமக்கொடைக்கு முன்னால், சாமியாடிகள் மஞ்சணை பூசித் தயாராகிற இடைவெளியில் மைக்செட்காரர் போட்ட பக்திப் பாடல் ஒன்று அந்தப் பதிவில் கேட்கிறது என்பதுதான் புகார். புகார் கொடுத்த நிறுவனம் அந்தக் காணொளியைப் பார்த்த நாளும் நேரமும் கடிதத்திலேயே இருந்தன. பார்த்தது ஆடியில், எனக்குச் சொன்னது ஐப்பசியில்.

அந்தப் பாடல் பதிவில் இருக்கலாமா கூடாதா என்பதை விவாதிக்க இந்த இழையைத் தொடங்கவில்லை. காலத்தைப் பற்றி மட்டும் பேச விரும்புகிறேன். ஆடியிலேயே சொல்லியிருந்தால் அந்த நிமிடங்களின் ஒலியை நீக்கிவிட்டு மீண்டும் ஏற்றியிருப்பேன்; கொடை முடிந்து ஊரை விட்டுப் போகாத மைக்செட்காரரிடம் அது எந்தப் பாடல், எந்த நிறுவனத்து வெளியீடு என்று கேட்டிருப்பேன். ஐப்பசிக்குள் மெமரி கார்டில் இருந்த மூலப் பதிவை ஒரு கல்யாண வேலைக்காக அழித்துவிட்டார்கள். மைக்செட்காரர் சங்கரன்கோவில் பக்கம் வேறு ஊர்களில் இருக்கிறார். அதற்கிடையே காணொளி முடங்கியதோடு என் கணக்கின் மீது, விதியை மீறியதற்காகத் தளம் போடும் 'ஸ்டிரைக்' என்ற குற்றக்குறியும் ஒன்று விழுந்துவிட்டது. தேர் நிலைக்கு வந்த பிறகு வடம் பிடிக்க வா என்று கூப்பிட்டது போல அந்த அறிவிப்பு வந்து சேர்ந்தது.

புகார்தாரர் கண்ட நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் அறிவிக்க வேண்டும், நடுவில் இருக்கும் தளமோ இணைய நிறுவனமோ எத்தனை நாளுக்குள் அதைப் பயனரிடம் சேர்க்க வேண்டும், பயனருக்குப் பதில் சொல்ல எத்தனை நாள் தர வேண்டும் என்பவற்றுக்குச் சட்டத்தில் ஏதாவது கணக்கு உண்டா? இல்லையென்றால், எது நியாயமான கணக்கு?

பாளை வழக்குரைஞர் எழுதியது:

அண்ணாச்சி, நம் நாட்டுச் சட்டத்தில் கணக்கு உண்டு. ஆனால் அந்தக் கணக்கில் நீங்கள் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டபோது, 52-ஆம் பிரிவின் முதல் உட்பிரிவில் உள்ள 'சி' கூறு புதிய வடிவம் பெற்றது. உரிமையாளர் எழுத்துமூலம் புகார் கொடுத்தால், சேமித்து வைத்திருப்பவர் 21 நாள்களுக்கு, அல்லது அதற்குள் நீதிமன்ற ஆணை வந்தால் அதுவரை, அந்தப் படைப்பைப் பிறர் அணுக வழி செய்யாமல் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 2013-ஆம் ஆண்டின் பதிப்புரிமை விதிகளில் 75-ஆம் விதி இதை விரித்துச் சொல்கிறது: புகாரில் கூறப்பட்ட விவரங்கள் திருப்தியாக இருந்தால் 36 மணி நேரத்துக்குள் அணுகலை நிறுத்த வேண்டும், 21 நாள்களுக்குள் உரிமையாளர் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம்.

இந்த விதியைப் பலமுறை படித்த பிறகும் எனக்கு ஆறாத குறை ஒன்று உண்டு. அணுகலை நிறுத்தியதற்கான காரணத்தை, அந்தப் பக்கத்தைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அதே விதி கட்டளையிடுகிறது. ஏற்றியவருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. வழிப்போக்கருக்கெல்லாம் காரணம் தெரியும்படி பலகை மாட்டச் சொன்ன சட்டம், வீட்டுக்காரருக்குச் சொல்ல மறந்துவிட்டது.

தகவல் தொழில்நுட்ப விதிகள் 2021-இல் வந்தபோது, தளத்தின் குறைதீர் அலுவலர் புகாரை 24 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து 15 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்று கெடு வைத்தார்கள். அதுவும் புகார் கொடுப்பவருக்கான கெடுவே. பெரிய சமூக ஊடகத் தளங்கள் தாமாகவே முன்வந்து ஒன்றை நீக்கும்போது மட்டும், நீக்குவதற்கு முன்பே பயனருக்குக் காரணம் சொல்லி, மறுத்துப் பேச வாய்ப்பும் தர வேண்டும் என்று அந்த விதிகளின் 4-ஆம் விதி கூறுகிறது. மற்றொருவர் புகாரின் பேரில் நீக்கும்போது அந்தப் பாதுகாப்பு அதே தெளிவோடு எழுதப்படவில்லை.

நீங்கள் கேட்காததாக இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உண்மையான சமயச் சடங்கின்போது ஒரு பாடலை ஒலிபரப்புவது மீறல் ஆகாது என்று 52-ஆம் பிரிவில் ஒரு விலக்கு உண்டு. மைக்செட்காரருக்கு அது நல்ல அரண். அந்த அரண், பிறகு இணையத்தில் ஏற்றிய பதிவுக்கும் நீளுமா என்பது வாதத்துக்கு உரியது. ஆனால் அந்த வாதத்தை எடுத்து வைக்கவே உங்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை என்பதால் இதுவும் காலத்தைப் பற்றிய பேச்சுதான்.

மேலப்பாளையம் மாணவி எழுதியது:

அக்கா, நான் இங்கே அரசு சட்டக் கல்லூரியில் படிக்கிறேன். அந்த 'சி' கூறு தற்காலிகமான அல்லது தற்செயலான சேமிப்பைப் பற்றித்தானே பேசுகிறது? காணொளித் தளம் நிரந்தரமாகச் சேமித்து வைத்திருக்கும்போது 21 நாள் கணக்கு எப்படிப் பொருந்தும்?

பாளை வழக்குரைஞர் எழுதியது:

சரியான இடத்தில் பிடித்தாய், தங்கச்சி. தளங்கள் பெரும்பாலும், பயனர் ஏற்றியதற்குத் தாங்கள் பொறுப்பல்ல என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவைத்தான் தங்களுக்குக் கவசமாகக் காட்டுகின்றன. மைஸ்பேஸ் என்ற சமூக ஊடகத் தளத்தின் வழக்கில் 2016 டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, பதிப்புரிமை விஷயத்திலும் அந்தக் கவசம் உண்டு என்றும், இன்ன படைப்பு இன்ன இடத்தில் இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லும் அறிவிப்பு வந்தால்தான் தளத்துக்கு 'அறிவு' வந்ததாகக் கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. ஆகவே அறிவிப்பு வந்த நொடியிலிருந்து தளத்துக்கு நடுக்கம் தொடங்குகிறது; உடனே நீக்கிவிட்டால் கவசம் தப்பும். பயனருக்குச் சொல்லாமல் விட்டால் யாருக்கும் அபராதம் இல்லை. வேகம் ஏன் ஒரே திசையில் ஓடுகிறது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பிராம்ப்டன் நெல்லையான் எழுதியது:

அண்ணாச்சி, நான் அம்பாசமுத்திரத்துக்காரன், கனடாவில் இருக்கிறேன். இங்கே 2012-இல் இயற்றப்பட்ட திருத்தச் சட்டத்தின் ஒரு பகுதி 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. இதன்படி இணைய நிறுவனம் எதையும் நீக்குவதில்லை. புகாரை, இணைய இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு அனுப்பி வைத்துவிட்டு, அனுப்பியதைப் புகார்தாரருக்குத் தெரிவிக்கிறது, அவ்வளவுதான். அனுப்பத் தவறினால் நிறுவனம் 5,000 முதல் 10,000 டாலர் வரை இழப்பீடு தர நேரும். அறிவிப்பைப் பெற்ற நாளிலிருந்து 6 மாதங்களுக்கு அந்த இணைப்பு யாருடையது என்ற பதிவை வைத்திருக்க வேண்டும். வழக்குத் தொடர்ந்து அதைத் தெரிவித்துவிட்டால் ஓராண்டு.

ஆனால் எத்தனை நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்ற எண் அந்தச் சட்டத்தில் இல்லை. 'இயன்ற விரைவில்' என்ற அளவோடு விட்டுவிட்டார்கள். மீறல் நடந்து எத்தனை நாளுக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்பதற்கும் எண் இல்லை. அதன் விளைவை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். நான் முதலில் குடியிருந்த நிலவறை வீட்டில் எங்கள் எல்லோருக்கும் வீட்டுக்காரர் பெயரில் ஒரே வைஃபைதான். ஒரு நாள் அவர் ஒரு மின்னஞ்சலைக் காட்டி, எந்தப் பையன் இந்தப் படத்தை இறக்கினான் என்று கேட்டார். அதில் குறித்திருந்த நாளில் அந்த வீட்டில் இருந்தவர்களில் பாதிப்பேர் கல்லூரிப் பருவம் முடிந்து வேறு ஊருக்குப் போயிருந்தார்கள். கடிதம் உடனே வந்திருந்தால் அதே இரவில் உண்மை தெரிந்திருக்கும். இணைப்பு ஒருவர் பெயரிலும் பயன்பாடு பலர் கையிலும் இருக்கிற இடங்களில், தாமதமாக வரும் அறிவிப்பு யாரோ ஒருவர் தலையில் விழத்தான் செய்யும்.

இன்னொன்றும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அந்த அறிவிப்புகளோடு 'இவ்வளவு பணம் கட்டினால் விட்டுவிடுகிறோம்' என்ற மிரட்டலும் சேர்ந்து வந்தது. 2018 டிசம்பரில் சட்டத்தைத் திருத்தி அதைத் தடுத்தார்கள். பணம் கட்டக் கெடு வைத்த கடிதங்களுக்கு இருந்த அவசரம், மீறலைச் சொல்லும் கடிதங்களுக்கு இருந்ததில்லை.

டவுண் இணைப்பாளர் எழுதியது:

நான் நெல்லை டவுணில் கேபிள் தொழிலில் இருந்து இழை இணைய இணைப்புக்கு மாறியவன். நடுவில் நிற்கிறவர்களின் சங்கடத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

இணைய இணைப்பைக் குறிக்கும் எண்ணான ஐ.பி. முகவரி ஒன்றைக் கொடுத்தால் அது இன்னார் வீடு என்று உடனே சொல்லிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். நம் பக்கத்தில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்குத் தனி முகவரி கிடையாது. ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஏராளமான வீடுகளை அடுக்கியிருப்பார்கள். ஆகவே புகாரில் முகவரியோடு, அதைப் பகிரும் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும், நொடி வரைக்குமான நேரமும் இருந்தால்தான் ஆளைப் பிரித்தறிய முடியும். அந்த நேரமும் எந்த ஊர்க் கடிகாரம் என்று பார்க்க வேண்டும். புகாரில் உலகப் பொது நேரப்படி 14-ஆம் தேதி 19.10 என்றிருந்தால், நமக்கு அது ஐந்தரை மணி நேரம் கூடி, 15-ஆம் தேதி நள்ளிரவு கடந்து 12.40. இதைக் கவனிக்காமல் 14-ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு அந்த முகவரியில் இருந்த வீட்டைத் தேடினால், வாழ்நாளில் ஒரு படம்கூட இறக்காத ஓய்வுபெற்ற ஆசிரியர் வீட்டுக்குக் கடிதம் போகும்.

இதைச் சரிபார்க்க எனக்கு மேலே இருக்கிற நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும். பதிவேடு அவர்களிடம் இருக்கிறது. 2021 டிசம்பரில் உரிமத்தின் நிபந்தனையைத் திருத்தி இரண்டு ஆண்டுகளுக்குப் பதிவுகளை வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள். அது அரசின் தேவைக்கு. வாடிக்கையாளர் 'அந்த நேரத்தில் என் வீட்டில் யார் இருந்தது' என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்கு இல்லை. அவருக்கு உதவக்கூடியது அவர் வீட்டு ரவுட்டரில் இருக்கும் குறிப்புதான். மின்சாரம் ஒரு முறை போய் வந்தால் பல ரவுட்டர்களில் அதுவும் அழிந்துவிடும். எதிர்த்தரப்பிடம் ஆதாரம் நிற்கிறது. பயனரின் ஆதாரம் நாளுக்கு நாள் கரைகிறது. ஆகவே கெடு குறுகியதாக இருக்க வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கெடுவை எங்கள் தலையில் மட்டும் கட்டி, ஒரே நாளில் அனுப்பு என்றால், சரிபார்க்காமல் கையில் கிடைத்த வீட்டுக்கு அனுப்பத்தான் செய்வார்கள். ஏழு வேலை நாளாவது வேண்டும்.

வில்லடி எழுதியது:

எல்லோரும் கடிதம் பெற்றவர் பக்கம் நின்றே பேசுகிறீர்கள். நான் கடிதம் அனுப்ப வேண்டிய இடத்தில் இருப்பவன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக வில்லுப்பாட்டு நடத்துகிறது. நாங்கள் எங்கள் செலவில் ஒலிப்பதிவு செய்து வெளியிட்ட சுடலைமாடன் கதையையும் முத்துப்பட்டன் கதையையும் முன்பின் தெரியாத ஆள்கள் தங்கள் பெயரில் ஏற்றி விளம்பரக் காசு வாங்குகிறார்கள். சித்திரையில் தொடங்கி ஆவணி வரைக்கும் நாங்கள் ஊர் ஊராகக் கொடைக்குப் போய் விடிய விடியப் பாடுகிறோம். குடம் அடிக்கிறவரும் உடுக்கை அடிக்கிறவரும் பகலில் தூங்குகிறார்கள். இணையத்தைத் துழாவுவதற்கு எங்களிடம் ஆளும் இல்லை, இயந்திரமும் இல்லை. ஆவணி முடிந்து உட்காரும்போதுதான் யாராவது மருமகன் கைப்பேசியில் காட்டுவான்.

மீறல் நடந்த நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் சொல்லாவிட்டால் போயிற்று என்று நீங்கள் கெடு வைத்தால், அது பெரிய நிறுவனத்துக்கு ஒரு தொந்தரவும் தராது. அவர்களுக்காக இயந்திரம் இரவும் பகலும் தேடிக் கொண்டிருக்கிறது. என்னைப் போன்றவனின் உரிமைதான் கெடுவில் செத்துப் போகும். முன்னீர்ப்பள்ளத்து அண்ணாச்சியைத் தாமதமாகப் பிடித்தவர்களும் நானும் ஒன்றல்ல.

மேலப்பாளையம் மாணவி எழுதியது:

ஐயா சொன்ன சிக்கலை இரண்டு நாடுகள் இரண்டு விதமாக எதிர்கொண்டிருக்கின்றன. பருவ ஏட்டுக்காகப் படித்ததால் எழுதுகிறேன்.

பிரிட்டனின் 2010-ஆம் ஆண்டு எண்மப் பொருளாதாரச் சட்டம், ஆதாரம் திரட்டிய நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் உரிமையாளர் அறிக்கை அனுப்ப வேண்டும் என்றது. அதைப் பெற்ற இணைய நிறுவனம் மேலும் ஒரு மாதத்துக்குள் பயனருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. கடிகாரம் மீறலின் நாளிலிருந்து ஓடாமல், ஆதாரம் கையில் வந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதால் ஐயாவுக்கு அது உதவும். ஆனால் இரண்டு மாதங்களையும் முழுமையாகப் பயன்படுத்திக் கொண்டால், பயனர் விஷயத்தைக் கேள்விப்படுவதற்குள் ஏறக்குறைய அறுபது நாள் ஓடிவிடும். அந்தத் திட்டம் நடைமுறைக்கு வராமலே நின்றுபோனது.

நியூசிலாந்து 2011 செப்டம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த ஏற்பாடு வேறு. மீறல் நடந்து 21 நாள்களுக்குள் இணைய நிறுவனத்திடம் சொல்லிவிட வேண்டும். நிறுவனம் 7 நாள்களுக்குள் பொருத்திப் பார்த்துப் பயனருக்கு அனுப்ப வேண்டும். பயனர் 14 நாள்களுக்குள் மறுக்கலாம். ஒவ்வோர் அறிவிப்புக்கும் உரிமையாளர் 25 நியூசிலாந்து டாலர் கட்டணம் கட்ட வேண்டும். எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: ஓர் அறிவிப்புக்குப் பிறகு 28 நாள்களுக்கு அடுத்த கட்ட அறிவிப்பை அனுப்பக் கூடாது. அந்த இடைவெளி, வீட்டில் யார் செய்தது என்று விசாரித்து நிறுத்துவதற்கான அவகாசம். மூன்று கட்டமும் தாண்டினால்தான் தீர்ப்பாயம். அது 15,000 டாலர் வரை விதிக்கலாம். 2013 ஜனவரியில் வந்த முதல் தீர்ப்பில் விதித்த தொகை 616 டாலரும் 57 சென்ட்டும்தான்.

பாளை வழக்குரைஞர் எழுதியது:

அந்த 28 நாள் இடைவெளியைத் தங்கச்சி எடுத்துச் சொன்னது நல்லது. அறிவிப்பு என்பது குற்றம் சாட்டுவதற்கு மட்டும் அல்ல, திருத்திக்கொள்ளச் சொல்வதற்கும்தான். திருத்திக்கொள்ள நேரம் தராமல் ஒரே வாரத்தில் மூன்று புகாரை அடுக்கி மூன்று குற்றக்குறி போடுவது, பழைய பிழையை மூன்று முறை தண்டிப்பது ஆகும்.

வில்லடி ஐயாவுக்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. கெடு தப்பினால் உரிமையே போய்விட வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கத் தேவையில்லை. மீறலுக்கு இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர உங்களுக்கு மூன்று ஆண்டுக் காலம் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும். பிரச்சினை குறுக்கு வழியில்தான். நீதிமன்றத்துக்குப் போகாமல், எதிர்த்தரப்பைக் கேட்காமல், ஒரு படிவத்தை நிரப்பினால் மறுநாளே ஒருவருடைய பதிவை முடக்கி அவர் கணக்கில் குற்றக்குறியும் போடலாம் என்ற வசதி, சட்டம் தரும் உரிமை அல்ல. அவசரத்துக்காக ஏற்பட்ட ஓர் ஏற்பாடு. அவசரம் என்று சொல்லி அந்த வழியில் வருகிறவர், தாமும் அவசரமாக நடந்திருக்க வேண்டும். கண்ட நாளிலிருந்து குறித்த நாளுக்குள் வந்தால் குறுக்கு வழி. அதற்குப் பிறகு வந்தால் பயனருக்கு அறிவிப்பை மட்டும் அனுப்பி, பதிலைக் கேட்ட பிறகு, தேவையானால் நீதிமன்றத்தின் வழி. கெடு உரிமையைக் கொல்லாது. குறுக்கு வழியை மட்டும் அடைக்கும்.

ஆதாரமில்லாமல் மிரட்டுகிறவர் மீது வழக்குத் தொடர 60-ஆம் பிரிவு இடம் தருகிறது என்பதையும் பதிவு செய்கிறேன். மிரட்டியவர் உரிய கவனத்தோடு மீறல் வழக்கைத் தொடங்கி நடத்தினால் அந்தப் பிரிவு பயன்படாது. அதாவது 'நீதிமன்றத்துக்கு வா, இல்லையென்றால் சும்மா இரு' என்ற நெறி நம் சட்டத்துக்குப் புதிதல்ல.

டவுண் இணைப்பாளர் எழுதியது:

அப்படியானால் 'கண்ட நாள்' எது என்பதை யார் சொல்வது? புகார்தாரர் தாமே எழுதிக்கொள்கிற நாள்தானே? ஆடியில் பார்த்ததை ஐப்பசியில் பார்த்ததாக எழுதிவிட்டால் முடிந்தது.

முன்னீர்ப்பள்ளத்தான் எழுதியது:

இந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. என் விஷயத்தில் அவர்கள் தாங்களே ஆடி என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், தாமதத்தால் தங்களுக்கு ஒரு நட்டமும் வராது என்று தெரிந்ததால்தான் உண்மையை எழுதினார்கள். நட்டம் வரும் என்றால் வேறு நாளை எழுதுவார்கள். தேடும் இயந்திரம் கண்டுபிடித்த நொடியைத் தானாகவே குறித்து வைக்கும். அந்தக் குறிப்பின் நகலைப் புகாரோடு இணைக்க வேண்டும் என்று கேட்கலாம். இயந்திரம் இல்லாத வில்லடி அண்ணாச்சி போன்றவர்களிடம் உறுதிமொழி போதும். பொய் என்று நிரூபணமானால் குறுக்கு வழி அவர்களுக்கு ஓராண்டுக்கு அடைக்கப்பட வேண்டும்.

பிராம்ப்டன் நெல்லையான் எழுதியது:

பதில் சொல்லும் கெடுவைப் பற்றியும் பேசுங்கள். யூடியூப் தளத்தின் விதிகளைப் பார்த்தால், உரிமையாளர் விரும்பினால் ஏற்றியவருக்கு 7 நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அதன் பிறகு நீக்கச் செய்யும் வசதி அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அது உரிமையாளரின் விருப்பம். குற்றக்குறி 90 நாள் நிற்கும். அதற்குள் மூன்று சேர்ந்தால் கணக்கே போய்விடும். நீக்கத்தை மறுத்து ஏற்றியவர் எதிர் அறிவிப்புக் கொடுத்தால் புகார்தாரர் 10 அமெரிக்க வேலை நாளுக்குள் வழக்குத் தொடர்ந்ததைக் காட்ட வேண்டும். இது 1998-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்திலிருந்து வந்த கணக்கு. அதன்படி 10 முதல் 14 வேலை நாளுக்குள் மீட்டுக் கொடுக்க வேண்டும். ஆனால் அந்த எதிர் அறிவிப்பில் பெயரும் முகவரியும் எழுதி, அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகாரத்துக்கு உட்படுவதாகவும் ஒப்புக்கொள்ள வேண்டும். கொடைப் பதிவு போட்ட எத்தனை பேர் அந்த வரியைப் படித்த பிறகும் கையெழுத்திடுவார்கள்?

பாளை வழக்குரைஞர் எழுதியது:

படித்துப் புரிந்துகொள்ளவே நாளாகும் என்பதுதான் என் கவலையும். அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது. அதில் சட்டப் பிரிவுகளும் கெடுவும் இருக்கின்றன. பெறுகிறவர் பாளையங்கோட்டைக்கு வந்து ஒரு வழக்குரைஞரைப் பார்த்து, அவர் வேலையை ஒதுக்கிப் படித்து, பதில் எழுத வேண்டும். ஆகவே பதிலுக்கு 21 நாளுக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. உரிமையாளர் நீதிமன்ற ஆணை கொண்டுவரச் சட்டம் தந்த அவகாசமும் 21 நாள்தான். வழக்குரைஞர் படையை வைத்திருப்பவருக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது என்றால் தனி ஆளுக்கு அதில் ஒரு நாள் குறைப்பதற்கும் நியாயம் இல்லை.

அந்த 21 நாளும் அனுப்பிய நாளிலிருந்து ஓடக் கூடாது. சேர்ந்த நாளிலிருந்து ஓட வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை உடைத்து ஓடியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் இல்லை. அந்த வாரத்தில் ஒரு தளம் 7 நாள் கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அந்தக் கெடு வெள்ளத்திலேயே முடிந்திருக்கும். நீதிமன்றத்தில் தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போடலாம். காரணம் நியாயமாக இருந்தால் நீதிபதி ஏற்பார். தளத்தின் படிவத்தில் அப்படி ஒரு பெட்டியே கிடையாது.

வில்லடி எழுதியது:

வழக்குரைஞர் அம்மா சொன்ன குறுக்கு வழிக் கணக்கு எனக்கு ஏற்புடையது, ஒரு நிபந்தனையோடு. 21 நாள் பயனர் பதிலுக்காகக் காத்திருக்கும்போது பதிவு இணையத்தில் ஓடிக்கொண்டே இருக்கும் அல்லவா? புதுக் கதை ஒன்றைச் சித்திரையில் வெளியிட்டால் வைகாசிக்குள்தான் அதற்கு மதிப்பு. 21 நாள் ஓடிய பிறகு அதை நீக்கி என்ன பயன்? முழுக் கதையையும் அப்படியே எடுத்துப் போட்டவனுக்கும், கொடைப் பதிவின் ஓரத்தில் ஒரு பாட்டுக் கேட்டதற்கும் ஒரே கெடு வைக்கக் கூடாது. முழுப் படைப்பையும் அப்படியே ஏற்றியது என்றால் முதலில் நிறுத்து, அன்றே சொல், பிறகு அவன் பதிலைக் கேள். ஓரத்தில் கேட்டது என்றால் முதலில் சொல், பதிலைக் கேள், பிறகு நிறுத்து.

மேலப்பாளையம் மாணவி எழுதியது:

இதை ஒப்புக்கொள்கிறேன் ஐயா. 'அன்றே சொல்' என்பதை மட்டும் இரண்டுக்கும் பொதுவாக வைத்துவிடலாம். நிறுத்துவதற்கு அவசரம் உண்டா இல்லையா என்று ஆயிரம் வாதம் செய்யலாம். சொல்வதைத் தள்ளிப்போட ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. பிரான்சில் 2009-இல் மூன்று எச்சரிக்கைக்குப் பிறகு இணைப்பைத் துண்டிக்கும் அதிகாரத்தை நிர்வாக அமைப்பு ஒன்றுக்குக் கொடுத்தபோது, அந்த ஆண்டு ஜூன் 10 அன்று அந்நாட்டு அரசமைப்பு மன்றம் அந்த அதிகாரத்தை அடித்துவிட்டது. நீதிபதி இல்லாமல் துண்டிக்கக் கூடாது என்றது. ஆனால் எச்சரிக்கை அனுப்புவதை அது தடுக்கவில்லை.

டவுண் இணைப்பாளர் எழுதியது:

தளத்துக்கு 'அன்றே சொல்' பொருந்தும், தங்கச்சி. ஏற்றியவருடைய கணக்கு அவர்கள் கையிலேயே இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் செய்தி போய்விடும். முகவரியை வைத்து வீட்டைத் தேட வேண்டிய இணைய நிறுவனத்துக்குப் பொருந்தாது. இரண்டையும் ஒரே பெயரால் 'இடைநிலையர்' என்று அழைத்துவிட்டு ஒரே கெடு வைப்பதுதான் எல்லா நாட்டிலும் குழப்பமாக இருக்கிறது. தளத்துக்கு ஒரு நாள், எங்களுக்கு ஏழு வேலை நாள் என்று பிரித்து எழுதுங்கள். போர்ட் எண்ணும் நேர மண்டலமும் இல்லாத புகார் வந்தால், அதைத் திருப்பி அனுப்பும் உரிமையும், முழு விவரம் வரும்வரை எங்கள் கெடு ஓடாது என்ற வரியும் வேண்டும்.

முன்னீர்ப்பள்ளத்தான் எழுதியது:

தளத்தின் குறைதீர் அலுவலருக்கும், மத்திய அமைச்சகம் கருத்துக் கேட்கும்போது அவர்களுக்கும் அனுப்புவதற்காக இதுவரை பேசியதை ஒரு கடிதமாக எழுதி வருகிறேன். புகார்தாரர் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் வந்தால்தான் நீதிமன்றம் இல்லாத நீக்கம். தளம் ஏற்றியவருக்கு ஒரு நாளுக்குள் சொல்ல வேண்டும். இணைய நிறுவனத்துக்கு முழு விவரம் கிடைத்த நாளிலிருந்து ஏழு வேலை நாள். பதிலுக்குச் சேர்ந்த நாளிலிருந்து 21 நாள், பேரிடர் அறிவித்த மாவட்டத்தில் அந்தக் கெடு நின்று, பிறகு தொடர்ந்து ஓட வேண்டும். ஒரே கணக்குக்கு அடுத்த குற்றக்குறி விழ 28 நாள் இடைவெளி. அறிவிப்பு பயனர் தேர்ந்தெடுத்த மொழியில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்திருக்கிறேன்.

முழுப் படைப்பு, ஓரத்தில் கேட்பது என்ற வில்லடி அண்ணாச்சியின் பிரிவினையை எப்படி எழுதுவது என்பதில்தான் தடுமாற்றம். எத்தனை நிமிடம் வரை ஓரம், எதிலிருந்து முழுமை? நிமிடக் கணக்கு வைத்தால் அதைச் சுற்றி ஆள்கள் விளையாடுவார்கள். கணக்கு வைக்காவிட்டால் தளத்தின் இயந்திரம் எல்லாவற்றையும் முழுமை என்றே எடுத்துக்கொள்ளும்.

வில்லடி எழுதியது:

நிமிடம் வேண்டாம். அந்தப் பதிவை ஆள்கள் எதற்காகத் திறந்து பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் கொடைப் பதிவை அந்தப் பக்திப் பாட்டுக்காக யாரும் திறக்கவில்லை. என் கதையைத் திருடிப் போட்டவனின் பக்கத்தை என் கதைக்காகத்தான் திறக்கிறார்கள்.

பாளை வழக்குரைஞர் எழுதியது:

இயந்திரத்தால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது ஐயா. ஆகவே அதையே எழுதலாம் என்பேன். அந்தக் கேள்விக்குப் புகார்தாரர் ஒரு வரியில் தம் கைப்பட விடை எழுதிக் கையெழுத்திட்டால்தான் உடனடி நிறுத்தம் என்று வைத்துவிட்டால், யாரோ ஒரு மனிதர் அந்தப் பதிவை ஒரு முறையாவது பார்த்தாக வேண்டும். அண்ணாச்சி, வரைவை எனக்கு அனுப்புங்கள். 75-ஆம் விதியில் பார்வையாளருக்குக் காரணம் காட்டச் சொல்லும் அந்த உட்பிரிவில் 'ஏற்றியவருக்கும்' என்ற சொல்லைச் சேர்க்கக் கோரும் பத்தியை நான் எழுதித் தருகிறேன்.